யாழ்ப்பாணத்துத் துலாக் கிணறு

நீராலை என்னும் ஒருவகைப் பழைய கட்டடத்தைப் பற்றி அண்மையில் மாணவர் சிலருக்கு விளக்கிக் கொண்டிருந்தோம். ஓடும் ஆற்றின் வேகத்தை ஒரு சக்கரத்தில் ஏற்றி, அச்சக்கரத்தினால் திரிகைக் கல்லைச் சுழற்றித் தானியம் அரைக்கும் ஆலை அது. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலே உரோமானியக் கட்டடக் கலைஞர் வித்துரூவியஸ் இதன் அமைப்பைத் தமது நூலில் விவரித்துள்ளார். இந்தியாவிலே ஔரங்காபாத் நகரில் பஞ்சக்கி என வழங்கும் நீராலையை இன்றும் காணலாம். தொலைவிலிருந்து மண்ணுக்கடியாற் குழாய் வைத்துக் கொண்டுவந்த நீரே அங்கு கல்லைச் சுழற்றியது. இவ்வளவும் கூறி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, “எங்கடை ஊரிலே அப்படி ஒண்டும் இருக்கேல்லையா, சேர்?” என்று கேட்டான்.

இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே அவ்விடை முழு விடையன்று என்பது எமக்குப் பட்டது. நீராலை ஏன் இங்கு இல்லை என்பதும், அது இல்லாத நாட்டில் அதனிடத்தில் எது இருந்தது என்பதும் சொல்லப்பட வேண்டியவையல்லவா? அந்த மாணவனுக்கு அளிக்கத் தவறிய விடையையே இங்கு எழுதுகின்றோம்.

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். மலை இல்லை; மலையின்மையால் நதியும் இல்லை. வலிகாமத்திலே தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடனீரேரியை நோக்கிச் செல்லும் வழுக்கையாறு ஒன்றே ஆறு என்னும் பெயர் பெற்றது. அதுவும் மாரி மழையிலே சில வாரங்கள் ஓடி, பின்னர் வயலோடு வயலாய்க் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே கொட்டும் வடகீழ்ப் பருவமழையை நிலம் உறிஞ்சிக் கல்லிடுக்குகளிலே ஒளித்து வைக்கிறது. எஞ்சிய ஒன்பது மாதமும் அந்த ஒளித்த நீரைக் கிணறு வழியாக மேலே கொண்டுவந்தாலன்றி ஒரு மிளகாய்க் கன்றேனும் பிழைக்காது. ஆகவே பிற நாடுகளிலே நீர் யந்திரத்தைச் சுழற்றிற்று. இங்கோ நீரை மேலேற்றுவதற்கு மனிதன் யந்திரம் ஒன்றை இயக்க வேண்டியதாயிற்று. அந்த யந்திரமே துலா.

தமிழ்நாட்டார் ஏற்றம் என்பது இதனையே. நைல் நதிக்கரையிலே எகிப்தியரும் இவ்வினத்தைச் சேர்ந்த கருவியைக் கையாண்டதை 3,000 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைச் சித்திரங்கள் காட்டுகின்றன. எனினும் அவர்களுடையது ஒருவர் கையால் இழுத்து இயக்கும் சிறு கருவி. எம்மவருடைய தோட்டத் துலாவோ மனிதர் மேலேறி நடந்து இயக்கும் பெரிய பொறி. வீட்டுக் கிணறுகளிலே வாற்பக்கத்திற் கல்லைக் கட்டிய சிறு துலாவே போதுமாயிருந்தது. நாம் இங்கு பேசுவது தோட்டக் கிணற்றைப் பற்றியே.

கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் இடைப்பட்ட செம்மண் தோட்டங்களுள் ஒன்றில், கைவிடப்பட்ட துலாவின் உறுப்புகள் சில இன்னும் எஞ்சியுள்ளன என்று கேள்வியுற்று, அம்மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையிற் சென்றோம். தோட்டத்துக்குரியவர் எண்பது வயதைத் தாண்டிய முதியவர். இளமையிற் பத்தாண்டுகளுக்கு மேலாகத் துலா மிதித்தவராதலால், கேட்டவற்றுக்கெல்லாம் தயக்கமின்றி விடை கூறினார்.

முதலிற் கிணற்றைப் பார்த்தோம். மேலே ஆறேழு அடி ஆழம் செம்மண். அம்மண் சரியாதபடி வெள்ளைக் கற்களை அடுக்கிச் சாந்திட்டு வட்டமாகக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கட்டு இல்லை, பாறையே சுவர். அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு வெட்டிய அடையாளங்கள் அப்பாறையில் இன்றும் தெரிகின்றன. வெடி வைத்துக் கல்லுடைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னர் ஒரு கிணறு வெட்டி முடிய ஒன்றுக்கு மேற்பட்ட கோடைகள் செல்வதும் உண்டாம். மாரியில் நீர் ஏறிவிடுமாதலால், கோடையின் கடைசியிலே, நீர் மிகத் தாழ்ந்து கிடக்கும் நாட்களிலேதான் அடிக்கல்லை உடைக்க முடியும். இக்கிணறு ஏறத்தாழ 25 அடி ஆழமானது.

கிணற்றின் ஒரு பக்கத்தில் இரண்டு கற்றூண்கள் நிற்கின்றன. இவையே ஆடுகால்கள். கல்லுக்கு வசதியற்ற இடங்களிலே உறுதியான மரங்களை நட்டு ஆடுகாலாக்குவர். இரு ஆடுகால்களுக்குங் குறுக்கே கிடப்பது அச்சுலக்கை. அதன்மேல் ஏறி இருந்து ஊசலாடுவது துலா. முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த மரத்தையே துலாவுக்குத் தேர்ந்தெடுப்பர். துலாவின் கிணற்றுப் பக்கத்து நுனியிலே தொங்குவது துலாக்கொடி. கொடியின் முனையிலே நீர் முகப்பதற்குப் பட்டை. தொடக்கத்திலே அது பனையோலையால் இழைத்த பட்டை. பின்னர் இரும்புத் தகட்டினாற் செய்த பட்டைகள் வந்தன. மரமும் ஓலையும் நாரும் பனை தந்தவை. கல் அந்நிலத்துக் கல். கடையிற் பணங் கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இதனை இயக்குவதற்குக் குறைந்தது மூவர் வேண்டும்; பெருந் துலாவாயின் நால்வர். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் ஏறி நிற்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடிப்பார். இன்னொருவர் தோட்டத்திலே மண்வெட்டியுடன் நின்று வாய்க்காலைத் திருப்பித் திருப்பிப் பாத்திகளுக்கு நீர் மாறுவார். மேலே நிற்பவர் கிணற்றுப் பக்கமாக நடக்கையிலே துலாவின் தலை தாழ்ந்து பட்டை நீரில் அமிழும். அவர் திரும்பி வாற்பக்கமாக நடக்கையிலே நிறைந்த பட்டை மேலெழும். கிணற்றடியில் நிற்பவர் அதனை வாங்கித் தொட்டியிற் சரிக்க, நீர் வாய்க்காலில் ஓடும். மனிதனுடைய உடலின் நிறையே இங்கு விசை. அவனுடைய நடையே சக்கரம்.

மாணவர்களைக் கொண்டு ஒரு கணக்கும் செய்து பார்த்தோம். ஒரு பட்டை 5 கலன் நீர் கொள்ளும் என்றும் நிமிடத்துக்கு 4 பட்டை ஏறும் என்றும் வைத்துக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 240 பட்டை, 1,200 கலன். ஒரு கலன் நீரின் நிறை 10 இறாத்தல். ஆகவே மணிக்கு 12,000 இறாத்தல், அஃதாவது 5 தொன்னுக்கு மேற்பட்ட நீர், கிணற்றின் ஆழத்திலிருந்து இரண்டு மனிதரின் காலடியால் மேலே ஏறியிருக்கிறது! கணக்கை முடித்த மாணவன் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் அந்தக் கற்றூண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விடியற்புறம் மூன்று மணிக்கே இறைப்புத் தொடங்கிவிடும் என்றார் முதியவர். வெயில் ஏறுமுன் முடித்தால் மனிதருக்கும் இதம், பயிருக்கும் இதம். இருளிலே, பனிக்குளிரிலே, ஒற்றை மரத்தின்மேல், கைபிடித்துக் கொள்ள மேலே கட்டிய கயிறு ஒன்றையே துணையாகக் கொண்டு முன்னும் பின்னும் நடக்க வேண்டும். “தம்பி, துலா மிதிக்கிறவன் கீழே பார்க்கப்படாது” என்று அவர் ஒரு மாணவனுக்குச் சொன்னார். கால் வழுக்காதிருக்க மரத்தின் முதுகைக் கொத்தி வைப்பார்களாம். அவ்வாறிருந்தும் விழுந்தவர் உண்டு. இடுப்பு முறிந்து பாயிற் கிடந்தவரும் உண்டு. பழைய காலத்தைப் பொற்காலமெனப் பாடுவோர் அந்த மரத்தின்மேல் அரை மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

இன்னொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். தோட்டக் கிணற்றிலே துலா மிதித்து உடல் தேய்ந்த தொழிலாளருட் பலர், ஊரின் குடிநீர்க் கிணற்றுக் கட்டிலே கை வைக்க அனுமதிக்கப்பட்டிலர். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட அம்மக்கள் வெறுங் குடத்துடன் கிணற்றுக்கு அப்பால் நின்று, யாரேனும் வந்து வார்க்கும் வரையும் காத்திருந்தார்கள். எழுத்தாளர் கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். அது எதைப் பற்றியது என்று குடாநாட்டிற் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலே வந்தது. சட்டம் வந்த பின்னரும் சில ஊர்களிலே குடங்கள் காத்தே நின்றன. தெருவோரத்திலே சுமைதாங்கியும், மாடுகள் உடம்பு உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும், அவை குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துத் தருமம் வளர்த்த அதே சமுதாயம் இது.

துலாக் கிணற்றின் அமைப்பிலே கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பும் உண்டு. அதுதான் பங்கு முறை. கல்லுடைத்துக் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தாற் சுமக்கத்தக்க செலவன்று. ஆகையால் அயற் காணிக்காரர் பலர் கூடி வெட்டினர். கூடி வெட்டியதனாற் பங்கு பிரித்தனர். எட்டிலொரு பங்குடையவருக்கு எட்டு நாளைக்கு ஒரு நாள் இறைப்பு முறை. காற் பங்குடையவருக்கு இரண்டு நாள். பெண்ணுக்குச் சீதனம் எழுதும்போது காணியுடன் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் உறுதியிலே சேர்த்து எழுதப்படும். இரண்டு பெண்களிருந்தால் அரைக்கால் இரண்டாகி ஆளுக்கு வீசம் வரும். அதற்கடுத்த தலைமுறையிலே வரும் பின்னத்தைக் கூறுவதற்குக் கணித ஆசிரியரையே அழைக்க வேண்டும்! குடாநாட்டு நீதிமன்றங்களிலே வழக்கறிஞர் பலருக்குச் சோறு போட்டது இந்தக் கிணற்றுப் பங்கு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் வழக்குகளுக்கு அப்பால் இம்முறை செய்த காரியம் பெரிது. பங்குக் காணியை விற்க விரும்புபவர் முதலிற் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது, ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707 ஆம் ஆண்டில் எழுத்துருப் பெற்ற தேசவழமையின் விதி. அதனால் முன்பின் அறியாதவர் ஒருவர் திடீரெனக் கிணற்றடியில் வந்து நிற்பது எளிதன்று. தன் முறை நாளிலன்றி வேறு நாளில் நீரைத் தொடக் கூடாது என்பதை எழுதாச் சட்டமாகவே எல்லோரும் ஏற்றிருந்தனர்.

துலா ஒன்றுதான் கருவியாயிருந்தது என்பதில்லை. மாடுகள் சுற்றிவர வாளிச் சங்கிலி நீரை ஏற்றும் சூத்திரக் கிணறுகளும் சில ஊர்களிலே இருந்தன. யந்திரத்தைக் கொண்டு இறைக்கும் ஆசையும் புதியதன்று. புத்தூருக்கு அண்மையில் நவற்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு ஆழங் காண முடியாததென்றும், இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியதென்றும் மக்கள் கூறுவர். ஆளுநர் எட்வேட் பாண்ஸின் கட்டளைப்படி 1824 ஆம் ஆண்டிலே அங்கு யந்திரம் அமைத்து நீர்ப்பாசனஞ் செய்ய முயன்றார்கள் என்றும், அம்முயற்சி கைவிடப்பட்டது என்றும், 1859 இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலிலே எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார்.

நிலாவரையின் விந்தை ஒன்று எமது விடயத்துக்கு மிக வேண்டியது. அக்கிணற்றிலே மேலே இருப்பது நன்னீர். ஆழத்திலே இருப்பது உவர்நீர். இதற்குக் காரணம் என்ன? மழைநீர் கல்லிடுக்கிலே இறங்கிச் சென்று, கடலிலிருந்து நிலத்தடியாகப் புகுந்திருக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுப் பாரமானது. ஆகையால் நன்னீர் ஒரு வில்லையைப்போல நடுவிலே தடித்தும் கரையோரங்களிலே மெலிந்தும் கிடக்கிறது. ஒல்லாந்தரான கைபன் என்பவர் 1880 களின் இறுதியிலும், செருமானியரான கேர்ஸ்பேர்க் என்பவர் 1901 இலும் இதற்குரிய கணக்கைத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மறுபக்கமும் உண்டு: மேலே ஓரடியை நாம் இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலெழத் தொடங்கும்!

கீரிமலையிலே கடலலை வந்து மோதும் இடத்துக்கு அருகிலேயே இனிய நன்னீர் ஊறுவதைக் கண்டு வியக்கிறோமல்லவா? அந்த வில்லையின் ஓரம் கடலிற் கசியும் வாயில்களுள் ஒன்றே அது.

இப்பொழுது துலாவை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். மணிக்கு 1,200 கலன். சில மணி நேரத்தில் மிதிப்பவர் களைத்து இறங்கிவிடுவார். இறங்கியதும் கிணறு ஊறத் தொடங்கிவிடும். மறுநாள் வேறொருவருடைய முறை, அவரும் மனிதரே. இவ்வாறு மனிதனுடைய களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக அமைந்துவிட்டது. கைபனும் கேர்ஸ்பேர்க்கும் கணக்கிடுவதற்கு முன்னரே எம்மவர் அக்கணக்கை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நாம் வரவில்லை. அவர்கள் அறிந்து செய்தார்களல்லர். அதற்கு மேல் இறைக்க அவர்களால் இயலவில்லை. அந்த இயலாமை நிலத்தைக் காத்தது.

1950 களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் யந்திரங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. 2 அங்குலக் குழாய் பூட்டிய சிறு யந்திரமொன்று மணிக்கு 5,000 கலனை எளிதில் வெளியேற்றும். அதற்குக் களைப்பும் இல்லை, கால் வழுக்கும் என்ற அச்சமும் இல்லை. துலா மிதித்தவர்களின் பிள்ளைகள் அந்த மரத்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் சென்றார்கள். யந்திரம் செய்த இந்த நன்மையை யார் மறுப்பார்? வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பரப்புக் கணக்கிலே பெருகின. ஆனால் நீர்மட்டம் தாழ்ந்த கோடைகளிலே கரையோரத்துக் கிணறுகள் பல உவராயின. பயிருக்கு அளவின்றி இட்ட செயற்கைப் பசளை, மணலும் கல்லும் வழியாக இறங்கிக் கிணற்றிலே சேர்ந்தது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றிலே இவ்வளவைத் தாண்டிய நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்போத்தலிற் கலந்தால் பச்சிளங் குழந்தையின் உடலையே நீலம் பாரிக்கச் செய்யவல்லது அது. சுன்னாகப் பகுதியிலே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டிலே தீர்ப்புப் பெற்றது யாவரும் அறிந்ததே.

போர்க்காலத்திலே நிகழ்ந்ததையும் ஒரு சொல்லிற் குறிப்பிடலாம். 1990 களிலே எரிபொருள் குடாநாட்டுக்கு வராது தடைப்பட்டபோது, எமது அயலிலே கைவிடப்பட்டுக் கிடந்த துலாக்கள் சில மீண்டும் ஆடுகாலில் ஏறின. அப்போது நாம் சிறுவர். துலாவின் கிறீச்சென்ற ஓசையிலே விடியற்காலையில் விழித்தது இன்னும் நினைவிலுண்டு. வலிகாமம் வடக்கிலே 1990 இல் இடம்பெயர்ந்தோர் போர் முடிந்த பின்னர் கட்டங் கட்டமாகத் திரும்பியபோது, வீடும் வேலியும் மதிலும் அழிந்துபோன இடங்களிலே, கிணற்றைக் கண்டுதான் தம் காணியை இன்னதென்று அறிந்தவர் உண்டு.

மீண்டும் அந்தத் தோட்டத்துக்கு வருவோம். துலா மரம் எங்கே என்று மாணவர் வினவினர். அது பல்லாண்டுகளுக்கு முன்பே மாட்டுக் கொட்டிலுக்கு வளையாகப் போய்விட்டதாம். கொட்டிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தோம். கால் வழுக்காதிருக்கக் கொத்திய கொத்துகள் மரத்தின் முதுகிலே வரிசையாகத் தெரிந்தன. நடுவிலே, அச்சுலக்கையில் உராய்ந்த இடம் மட்டும் மெழுகியதுபோல் மினுங்கியது. மாணவன் ஒருவன் கயிற்றால் அளந்து பார்த்தான். ஒரு பகுதி முன்பே வெட்டப்பட்டிருந்தும், எஞ்சியது 18 அடி இருந்தது.

புறப்படுமுன், இக்கிணற்றில் நீர் இறைப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டோம். பங்காளர் அனைவரும் இப்பொழுது யந்திரத்தாலேயே இறைக்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் யந்திரத்தைச் சைக்கிளிற் கட்டிக் கொண்டுவருவர். எனினும் எட்டு நாட் சுற்று அப்படியே இருக்கிறது. முதியவர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். “எனக்கு நாளையிண்டைக்குத்தான் முறை, மாஸ்ரர்” என்றார். அன்று முறைக்குரியவர் கொழும்புக்குப் போயிருந்தார். யந்திரமும் எண்ணெயும் அங்கேயே தயாராக இருந்தும், பிறருடைய முறை நாளிலே கிணற்றிற் குழாயை இறக்க முதியவர் இசையவில்லை. நீர் ஏறுவதைக் காணாமலே நாம் திரும்பினோம்.